பிளாஸ்டிக் கூடாது

கிளெனிஸ் பாஸ்கோவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் ஊரில் யாருக்கும் நிம்மதி கிடையாது. பார்க்கிறவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். எங்கள் சில்வர் கிரீக்கில் கேட்பதற்கு இருப்பதே ஒரு கடைத்தெரு. அதில் முதல் கடை என்னுடையது. அப்புறம் யார் தலை உருளும்?

பாலும் ரொட்டியும் விற்பேன். மீன் பிடிக்கிறவர்களுக்கு இரை விற்பேன். பேப்பர், பேட்டரி, பிறந்தநாள் வாழ்த்து அட்டை எல்லாம் உண்டு. கேக் சாமான்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. அந்த அலமாரியால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கிளெனிஸ் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை. கணுக்கால் அளவு வெள்ளம் ரோட்டில் ஓடினாலும் பஸ் வந்துவிடும். அவள் புருஷன் கெவ் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயிலை ஓட்டினவன். அவர்கள் மகள் டாம்சினுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, டவுன்ஸ்வில் நகரத்தில் அழகு நிலையம் வைத்திருந்த டெசிரே என்பவளோடு போய்விட்டான். கிளெனிஸ் அழுதாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. காலையில் பஸ், நடுப்பகலில் மோட்டலில் அறை சுத்தம் பண்ணும் வேலை, சாயங்காலம் மறுபடி பஸ் என்று ஓடிக்கொண்டே இருந்தாள். இதில் அடுப்பைப் பற்றவைத்து கேக் சுட நேரம் ஏது? டாம்சினின் பிறந்தநாளுக்கு வருடா வருடம் என் கடையில்தான் ஸ்பாஞ்ச் கேக் வாங்கிப் போவாள்.

ஒருநாள் பஸ்ஸில் பின் சீட்டுப் பெண் ஒருத்தி டாம்சினைக் கேட்டாளாம், "உங்கம்மா என்ன கேக் செய்வாங்க?" என்று. "எங்கம்மா எங்க செய்வா, வாங்கத்தான் செய்வா" என்றாளாம் பிள்ளை. சாதாரணமாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தாய்க்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. இதை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "யார்கிட்டயாவது சொன்ன, கொன்னுடுவேன்" என்றாள். இத்தனை வருடம் கழித்து உங்களிடம்தான் சொல்கிறேன்.

அந்த டாம்சின் வளர்ந்து, நர்ஸாகி, டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பையனைப் பார்த்துக் கல்யாணமும் முடிவு செய்தாள். ஜூன் பதினாலு, சனிக்கிழமை. "டெசிரே கேக் ஆர்டர் குடுத்துடறேன்னு சொல்றாம்மா" என்று போனில் சொல்லியிருக்கிறாள். கிளெனிஸுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "எம் பொண்ணு கல்யாணத்துக்கு கேக் நான் செய்வேன். உச்சிலேர்ந்து அடி வரைக்கும் என் கையால" என்று வாயை விட்டுவிட்டாள். டாம்சின், "சரிம்மா, கல்யாணத்துக்கு முந்தின திங்கக்கிழமைக்குள்ள உறுதியா சொல்லிடு, இல்லேன்னா டெசிரே ஏற்பாடு பண்ணிடுவா" என்று வைத்துவிட்டாள்.

உள்ளே இருக்கும் பழ கேக் பிரச்சனை இல்லை. மார்ச் மாதமே சுட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் ரம் ஊற்றி, துணியில் சுற்றி வைத்துவிட்டாள். மேலே போர்த்துவதுதான் வித்தை. அந்த வெள்ளைச் சர்க்கரைப் போர்வை சுருக்கமில்லாமல், கிழியாமல், ஒரே வழவழப்பாக உட்கார வேண்டும். அதற்காகத்தான் சர்ச் ஹாலில் இவோன் நடத்தின கேக் அலங்கார வகுப்பில் சேர்ந்தாள். எட்டு சனிக்கிழமை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு யார் கல்யாணம் இருக்கிறது? சும்மா போனேன்.

மூன்றாவது சனிக்கிழமை இவோன் ஒரு தாள் கொடுத்தாள். இனிமேல் கொண்டுவர வேண்டிய சாமான்கள்: மேலே போர்த்துகிற ஃபாண்டன்ட் ஐசிங் ஒரு கிலோ, கேக் அட்டை, உருட்டும் கட்டை, கடைசி வகுப்பில் ஒரு முழு கேக். அதற்குக் கீழே சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு போட்டு, "பிளாஸ்டிக் எதுவும் கூடாது."

இதிலிருந்துதான் ஆரம்பித்தது தலைவலி.

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றாள். மழை கொட்டுகிறது. தாளை மேஜையில் விரித்தாள்.

"டோரீன், இதைப் படி."

"படிச்சுட்டேன். எனக்கும் ஒண்ணு குடுத்தாங்க இல்ல?"

"என்ன புரிஞ்சுது?"

"பிளாஸ்டிக் கூடாதுன்னு புரிஞ்சுது."

"எதுடி பிளாஸ்டிக்?"

நான் பெரிய மேதாவி மாதிரி அலமாரியைக் காட்டினேன். "அந்தப் பெட்டில ரெடியா வச்சு விக்கறேனே ஐசிங், அது. ஃபேக்டரில செஞ்சது. வீட்டுல செய்யச் சொல்றாங்க இவோன்."

அவள் பையிலிருந்து சர்ச் பெண்கள் போட்ட பழைய சமையல் புத்தகத்தை எடுத்துப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஐசிங் சர்க்கரை, ஜெலட்டின், குளுக்கோஸ், கிளிசரின் எல்லாம் போட்டு வீட்டிலேயே பிசைகிற முறை. மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு: பிளாஸ்டிக் ஐசிங்.

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் எல்லாரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். களிமண் மாதிரி வளைகிறது என்பதால் அந்தப் பேர். நானும் சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். ஆனால் அன்றைக்குத்தான் உறைத்தது. என் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் 'ஃபாண்டன்ட்' என்றுதான் போட்டிருந்தது. பிளாஸ்டிக் என்ற வார்த்தையே இல்லை.

"பாத்தியா?" என்றாள் கிளெனிஸ். "கையால செஞ்சா பிளாஸ்டிக்காம். ஃபேக்டரில செஞ்சா பிளாஸ்டிக் இல்லியாம். எந்த ஊர் நியாயம்டி இது?"

"அப்ப பெட்டிதான் கொண்டுவரச் சொல்றாங்களோ என்னவோ."

"இப்பத்தான வீட்டுல செய்யச் சொல்றாங்கன்ன?"

"அது அப்ப. இது இப்ப."

பால் வாங்க வந்து நின்றிருந்தார் கரும்புக்காரர் ஆல்டோ. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் வேணாம். சிமெண்ட் பூசிடுங்க. இந்த மழைக்கு அதான் தாங்கும்" என்றார்.

"உங்களை யார் கேட்டா? பாலை எடுத்துட்டுக் கிளம்புங்க" என்று விரட்டினாள் கிளெனிஸ். பால் என்னவோ என் கடைப் பால்.

"இதுக்கு ஏன் மண்டையை உடைச்சுக்கற? சனிக்கிழமை இவோனையே கேட்டுடு" என்றேன்.

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

விஷயம் இதுதான். பதினெட்டு வருடம் முன்னால் இவோனின் மகள் பஸ்ஸில் இன்னொரு பிள்ளையைக் கடித்து வைத்துவிட்டாள். கிளெனிஸ் பஸ்ஸை நிறுத்தி, அவளை வீட்டு வாசலுக்கு முன்னூறு அடி இருக்கும்போதே இறக்கி நடக்க விட்டாள். அன்றைக்கும் மழை. அதிலிருந்து இரண்டு பேரும் நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான் பேச்சு. வகுப்பில்கூட இவோன் கிளெனிஸின் கையைப் பார்த்துத்தான் பேசுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள்.

"அப்ப நீ கேளு" என்றாள் என்னிடம்.

"நான் போய்க் கேட்டா, டோரீன் பெட்டி விக்க வந்துட்டான்னு பேசுவாங்க. எனக்கு எதுக்குடி பொல்லாப்பு?"

ஆகவே யாரும் கேட்கவில்லை. அறுபதை நெருங்குகிற இரண்டு பொம்பளைகள், கேட்டால் அரை நிமிடத்தில் தீர்கிற விஷயத்தை அஞ்சு வாரம் தலையில் சுமந்தோம்.

வீட்டிலேயே செய்வது என்று அவள் முதலில் முடிவு செய்தாள். ஒருநாள் காலை ஆறு மணிக்கு போன்.

"டோரீன், அது அழுவுது."

"யாருடி? டாம்சினா?"

"ஐசிங்டி! ராத்திரி பிசைஞ்சு வச்சேன். இப்ப பாத்தா சுத்தித் தண்ணியா நிக்குது."

எங்கள் ஊர் மழைக்காலத்தில் உப்பு ஜாடியே கசியும், சர்க்கரை கசியாதா? அடுத்த தடவை தண்ணீரைக் குறைத்தாள். அது வறண்டு, விரித்ததும் வரி வரியாக வெடித்தது. இவோன் அதைத் தொட்டுப் பார்த்து, "யானைத்தோல்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். வீட்டில் செய்தது கூடாது என்கிறாளா, சரியாகச் செய்யவில்லை என்கிறாளா? அதற்கு ஒரு வாரம் குழம்பினோம். மூன்றாவது தடவை செய்தது கையோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. அதோடுதான் பஸ் ஓட்டப் போனாள். பிள்ளைகள் ஸ்டியரிங்கை நக்கிப் பார்த்தார்கள் என்று பிறகு கேள்வி.

ஒருநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, "ஒரு பெட்டி குடு. பேப்பர்ல சுத்திக் குடு" என்றாள். என்னமோ திருட்டுச் சாராயம் வாங்குகிற மாதிரி. மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சரியா வரலியா?"

"நல்லா வருதுடி. முதல் தடவையே சுருக்கமில்லாம வருது. அதான் வயித்தெரிச்சலா இருக்கு."

"அப்ப அதையே போத்து. கேக்கை நீதான சுட்ட?"

"உள்ள இருக்கறதை யார் பாக்கறா? எல்லாரும் பாக்கறது மேல இருக்கறதைத்தான். அதையும் வாங்கிப் போத்தினா, வாங்கத்தான் செய்வான்னு ஆயிடாதா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு கஸ்டமர் வந்ததால் தப்பித்தேன்.

ஜூன் பிறந்ததும் மழை விட்டது. காற்றில் ஈரம் குறைந்தது. கிளெனிஸ் வீட்டில் ஐந்தாவது தடவை பிசைந்தது அச்சு அசல் பெட்டிச் சரக்கு மாதிரியே வந்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டாமோ? அதுதான் இல்லை. கடைசி வகுப்புக்கு எதைக் கொண்டுபோவது என்று புதுக் குழப்பம். பிளாஸ்டிக் கூடாது என்று இருக்கிறதே! எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் செய்தது, பெட்டியில் வாங்கினது இரண்டையும், இரண்டு காலி ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டுக் கொண்டுவந்தாள். மாறிவிடக் கூடாதென்று ஒரு டப்பாவின் மூடியில் மட்டும் 'பிளாஸ்டிக்' என்று எழுதியிருந்தாள்.

ஹாலில் மேஜை மேல் வைத்து, மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் வெளிறிப்போயிற்று.

"என்னடி?"

"பிளாஸ்டிக்னு எழுதியிருக்கேன்."

"ஆமா."

"எதை நினைச்சு எழுதினேன்? நீ சொன்ன பிளாஸ்டிக்கா, புஸ்தகத்துல போட்ட பிளாஸ்டிக்கா?"

அடப் பாவமே! நான் சொன்ன கணக்குப்படி பெட்டிதான் பிளாஸ்டிக். புத்தகக் கணக்குப்படி வீட்டில் செய்தது பிளாஸ்டிக். எழுதினபோது எந்தக் கணக்கில் இருந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. இரண்டையும் திறந்தோம். இரண்டும் ஒரே வெள்ளை. அமுக்கிப் பார்த்தோம், ஒரே மாதிரி. பிய்த்து வாயில் போட்டோம். இரண்டும் இனித்தது. மறுபடி போட்டோம். "இதுதான் வீட்டுது" என்பாள் அவள். "இல்லடி, அதுதான்" என்பேன் நான். அடுத்த வாய்க்கு இரண்டு பேரும் கட்சி மாறிவிடுவோம்.

அசை போட்டபடி நின்ற எங்களைப் பார்த்து இவோன் வந்தாள். "என்ன நடக்குது இங்க?"

வாய் நிறைய இருந்ததால் கிளெனிஸால் வீம்பு பண்ண முடியவில்லை. முழுங்கிவிட்டுக் கேட்டேவிட்டாள். "பிளாஸ்டிக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்களே. எது பிளாஸ்டிக்?"

"பிளாஸ்டிக்னா பிளாஸ்டிக்தான். தூணு, பட்டாம்பூச்சி, மேல நிக்க வைக்கற மாப்பிள்ளை பொண்ணு பொம்மை. போன தடவை ஒருத்தி டைனோசர் வச்சுட்டு வந்தா."

"அப்ப ஐசிங்கு?"

"ஐசிங்குக்கு என்ன?"

"வீட்டுல செய்யணுமா, வாங்கணுமா?"

"எதைப் போத்தினா எனக்கென்ன கண்ணு? சுருக்கம் இல்லாம இருந்தா சரி. நானே பாதிப் பாதி கலந்துதான் போத்தறேன்."

கிளெனிஸ் பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அஞ்சு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே."

"உங்க பொண்ணை மழைல இறக்கி விட்டேனே, எந்த மூஞ்சிய வச்சுட்டு வந்து கேக்கறது?"

இவோன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். "அவ அந்த வாரம் என்னையும்தான் கடிச்சா. நீ செஞ்சது சரின்னு அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். எனக்கும் வீம்பு."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு டப்பாவை எடுத்து, உருட்டிப் போர்த்தினாள் கிளெனிஸ். எவ்வளவு அழகாக உட்கார்ந்தது தெரியுமா? ஹாலில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. வரும் வழியெல்லாம், "எதைப் போத்தினேன்னே தெரியாம எப்படிடி நான் செஞ்சதுன்னு சொல்றது?" என்று அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். "அது பழகறதுக்குப் போட்ட கேக்குடி, விட்டுத் தொலை" என்று நான் கத்திவிட்டேன்.

திங்கட்கிழமை. டாம்சினுக்குச் சொல்ல வேண்டிய கெடு நாள். கிளெனிஸ் கடைக்கு வந்து ஜெலட்டின், குளுக்கோஸ், ஐசிங் சர்க்கரை எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கினாள். முடிவு பண்ணிவிட்டாளாம். கல்யாண கேக்குக்கு வீட்டில் செய்ததுதான். நான் பையில் போடும்போதே போன் அடித்தது. டாம்சின்தான். வீட்டுக்கு அடித்துப் பார்த்துவிட்டு, அம்மா இங்கேதான் இருப்பாள் என்று தெரிந்து அடித்திருக்கிறாள். என் கடை போன் பழசு, அதில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"என்னம்மா முடிவு பண்ணின? டெசிரே கேட்டுட்டே இருக்கா."

"அவளை வேணாம்னு சொல்லு. நான்தான் செய்யறேன். மேல போத்தறதும் என் கையாலதான். வியாழக்கிழமை பஸ் முடிஞ்சதும் பிசைஞ்சு, ஒருநாள் ஊற வச்சு, வெள்ளிக்கிழமை ராத்திரி போத்திடுவேன். சனிக்கிழமை பத்து மணிக்குள்ள கேக்கோட வந்து நிப்பேன் பாரு!"

கிளெனிஸ் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"டாம்சின்? கேக்குதா?"

"பதினொரு மணிக்குக் கல்யாணம்மா."

"அதான் பத்து மணிக்கே வந்துடறேனே."

"டிரெஸ் பாக்க வான்னு மூணு சனிக்கிழமை கூப்பிட்டேன். வகுப்பு இருக்குன்ன. சரின்னு விட்டேன். வெள்ளிக்கிழமையாவது நீ வந்து என்கூடப் படுத்துக்குவேன்னு நினைச்சேன். காலைல எனக்குத் தலை சீவி விட யாரும்மா இருக்கா? டெசிரே அவ கடைப் பொண்ணை அனுப்பறேங்கறா. எனக்கு அந்தப் பொண்ணு வேணாம்."

"எல்லாம் உனக்காகத்தானேடி இந்தப் பாடு படறேன்!"

"தெரியும்மா. எனக்கு என்ன வேணும்னு மட்டும் நீ கேக்கவே இல்ல."

கிளெனிஸ் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வியாழக்கிழமையே வந்துடறேன்" என்றாள்.

"பஸ்ஸு?"

"முதலாளி ஓட்டட்டும். அவன் பஸ்தானே."

போனை வைத்துவிட்டு, மேஜையில் இருந்த ஜெலட்டினையும் குளுக்கோஸையும் அவளே கொண்டுபோய் அலமாரியில் திருப்பி வைத்தாள். "ரெண்டு பெட்டி எடு" என்றாள். பேப்பரில் சுற்றட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம், அப்படியே குடு" என்றாள்.

புதன்கிழமை இரண்டு பஸ் நடைக்கு நடுவில் ஒரு மணி நேரத்தில் போர்த்தி முடித்தாள். வியாழக்கிழமை காரின் முன் சீட்டில் கேக்கை வைத்து, சீட் பெல்ட் போட்டு, மூன்று மணி நேரம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். டாம்சினின் தலையைத் தூக்கிக் கட்டி, சின்னச் சின்ன வெள்ளைப் பூ செருகியிருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். டாம்சின் அதை யாரையும் தொட விடவில்லை.

கேக் வெட்டுகிற நேரத்தில் டெசிரே வந்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். "எவ்வளவு நேர்த்தியா இருக்கு கிளெனிஸ்! மேல போத்தினதும் வீட்டுலயே செஞ்சதுதானே?"

ஆமாம் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? நானும் வாயைத் திறக்கமாட்டேன்.

"இல்ல டெசிரே. கடைல வாங்கினது" என்றாள் கிளெனிஸ், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி. "எனக்கு நேரமில்ல. எம் பொண்ணுக்குத் தலை சீவி விட வேண்டியிருந்துது."